பல்வலியும் காப்பீட்டு அட்டையும்

(போடிநாயக்கனூரில் நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



இன்று யான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அற்பமானதென்று தங்களிற் சிலர் எண்ணக்கூடும். பல்வலியைப்பற்றிச் சங்கத்திற் பேச என்ன இருக்கிறதென்று நகைப்போரும் இருக்கலாம். ஆயின் நடுநிசியில் கடைவாய்ப்பல் நோவெடுத்து, கன்னம் வீங்கி, விடியுமட்டும் சுவரிற் சாய்ந்து கிடந்தவர் எவரும் நகையார். அவ்வேளையில் மனிதன் விலை கேளான். கேட்ட தொகையைக் கொடுப்பான். ஆதலின் நோவில்லாத இந்நேரத்திலேயே நமது உரிமைகள் யாவை என்பதை ஆராய்தல் நலம்.

சென்ற ஏலக்காய்ப் பறிப்புக் காலத்தில் என் மைத்துனர் போடிமெட்டுக்கு அப்பால் ஒரு தோட்டத்து ஸ்டோரில் தங்கியிருந்தார். பல்வலியை நான்கு நாள் கிராம்புத் தைலத்தாலும் கடை மாத்திரையாலும் தாட்டினார். ஐந்தாம் நாள் வாய் திறக்க இயலவில்லை. ஜீப்பில் மலையிறக்கி, இரவில் திறந்திருந்த ஒரு தனியார் பல் வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். கட்டணம் இவ்வளவென்று அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. காப்பீட்டு அட்டையை நீட்டினோம். இதற்கு அது செல்லாதென்றனர். முடிவில் சொன்ன தொகை அவருடைய பல நாட் கூலியாக இருந்தது. ரசீது கேட்டதற்கு வெறுந்தாளில் ஒரு எண்ணை எழுதித் தந்தனர். அன்பர்களே! அட்டை செல்லாதென்றது பொய்யன்று. ஆயின் கட்டணத்தை முன்னர்க் கூறாமையும், ரசீது தராமையும் முறையன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமையே நமது குறை.

முதலாவது, அட்டையின் இயல்பை அறிவோம். நம் மாகாணத்தில் 2009ஆம் ஆண்டு ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கிற்று. 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைக்கப்பட்டது. குடும்பத்தின் ஆண்டு வருமான வரம்பு 72,000 ரூபாயிலிருந்து 1,20,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆண்டொன்றுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆயினும் இஃது ஆஸ்பத்திரியிற் படுக்கையிற் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கே பெரும்பாலும் ஏற்பட்டது. சொத்தைப் பல்லை அடைப்பதும், வேர்ச் சிகிச்சையும் இதில் அடங்கா. தாடை எலும்பு முறிவு, தாடையில் வளரும் கட்டி போன்றவற்றுக்கான அறுவைச் சிகிச்சைகளுக்கோ இடமுண்டு. இதனால் விளைவது யாது? சிறு நோயாக இருக்கையில் கைப்பணம். பெருநோயான பின்னரே காப்பீடு. ஆகவே ஏழை ஒருவன் காத்திருக்கிறான். காத்திருத்தலே பல் நோயில் பேரபாயம்.

ஏனெனில், பல்லின் வேரிற் கட்டிய சீழ் தாடைக்குக் கீழே இறங்கி நாக்கின் அடியிற் பரவுமாயின் மூச்சுக் குழலை அடைத்துவிடும். ஜெர்மானிய வைத்தியர் லுட்விக் என்பார் 1836இலேயே இதனை விவரித்தார். இன்றும் அந்நோய்க்கு அவர் பெயரே வழங்குகிறது. தாடைக்கீழ் வீக்கம், வாய் திறக்க முடியாமை, விழுங்குதற் சிரமம், மூச்சுத் திணறல் ஆகிய இவற்றில் ஒன்று தோன்றினும் பல் வைத்தியரைத் தேடி அலையற்க. 108ஐ அழைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கே செல்க.

இரண்டாவது, அட்டை உதவாவிடத்தும் அரசு மருத்துவமனை உண்டென்பதை மறவற்க. பகலில் பல் பிரிவில் பல் பிடுங்குவதற்குக் கட்டணமில்லை. இரவிற் பல் பிரிவு மூடியிருப்பினும், அவசரப் பிரிவில் நோவுக்கும் சீழுக்கும் மருந்து பெறலாம். கடினமான நோயெனின், க.விலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவர்.

மூன்றாவது, தனியாரிடம் செல்லும்போது நமக்குள்ள உரிமைகள். உயிரைக் காக்கும் கடமை அரசு வைத்தியர், தனியார் வைத்தியர் இருவர்க்கும் உண்டென்று உச்ச நீதிமன்றம் 1989இல் பரமானந்த் கட்டாரா வழக்கிற் கூறிற்று. கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியம் நுகர்வோர் சட்டத்துள் அடங்குமென்று 1995இல் தீர்ப்பாயிற்று. தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் வகுத்த நோயாளர் உரிமைப் பட்டியலில் 17 உரிமைகள் உள. கட்டணத்தை முன்னரே அறிதலும், சிகிச்சைக் குறிப்புகளின் பிரதியைப் பெறுதலும் அவற்றுட் சேர்ந்தவை. அப்பட்டியல் தனிச் சட்டமன்று. ஆயினும் ரசீது கையிலிருப்பின், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிடலாம். 5 லட்சம் வரையுள்ள வழக்குக்குக் கட்டணமில்லை. ரசீதில்லாதவன் வழக்கு காற்றில் எழுதிய கணக்கேயாம்.

மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து தாடையும் பல்லும் உடைவதும் நாம் அறியாததன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய இன்னுயிர் காப்போம் திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் நேர்ந்த விபத்தாயின், அட்டை இல்லாதவர்க்கும், அயல் மாகாணத்தார்க்கும் கூட, முதல் 48 மணி நேரச் சிகிச்சை அதற்கெனக் குறித்த மருத்துவமனைகளில் இலவசம். போடிமெட்டுச் சோதனைச் சாவடிக்கு அப்பால் கேரளம் ஆதலின் விபத்து நடந்த இடத்தைச் சரியாகச் சொல்லுதல் அவசியம்.

இங்கிலாந்தில் 1948 ஜூலை 5இல் தேசியச் சுகாதாரச் சேவை தொடங்கியபோது பல் வைத்தியமும் இலவசமாயிருந்தது. 1951இல் செயற்கைப் பல்லுக்கும், 1952இல் பல் சிகிச்சைக்கும் கட்டணம் வைத்தனர். செல்வமிக்க நாட்டிலேயே முதலிற் குறைப்புக்குள்ளானவற்றுட் பல் ஒன்று. ஆயினும் அச்சேவையின் அவசரப் பல் சிகிச்சைக்கு அங்கே நிலையான ஒரே கட்டணம். நோயாளி அதனை முன்பே அறிவான். நாம் வேண்டுவதும் இதுவே.

முடிவாக, சங்கத்தாருக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, அட்டையில்லாத குடும்பங்களைக் கணக்கெடுத்து, வருமானச் சான்று பெற்று, மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திற் பதிவு செய்விக்க ஒருவரை நியமித்தல். இரண்டு, அட்டை ஏற்காத சிறு பல் சிகிச்சைக்கு வட்டியில்லாக் கைமாற்று நிதி ஒன்று ஏற்படுத்தல். மூன்றாவது, இச்சபையிலுள்ள தோட்ட முதலாளிகளுக்கு: வீக்கம் கண்ட முதல் நாளிலேயே தொழிலாளியை மலையிறக்குங்கள், அந்நாட் கூலியைக் குறைக்காதீர்கள். அவர் நம் மரபினராயினும் அல்லராயினும் நோவு ஒன்றே.

நாற்காலியில் அமருமுன் மூன்று வினாக்கள்: கட்டணம் எவ்வளவு? அட்டை செல்லுமா? ரசீது தருவீர்களா? சந்தேகமெனின் 1800 425 3993 என்ற எண்ணில் திட்ட அலுவலகத்தாரைக் கேட்கலாம். என் மைத்துனர் பிழைத்தார்; ஆயின் ஒரு பருவத்துக் கூலியிற் பெரும்பகுதியை இழந்தார். அடுத்தவர்க்கு அந்நிலை வாராதிருக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.