ஏடு காத்தலும் இறைபணியே
(திருக்குட நன்னீராட்டு விழாவில் நிகழ்ந்த சொற்பொழிவு)



பழனிமலைத் தொடர் குறிஞ்சி நிலம். குறிஞ்சிக்குத் தெய்வம் சேயோன். அடிவாரத்துத் திருஆவினன்குடியிலும் சிவகிரியின் உச்சியிலும் கோயில் கொண்ட பெருமானே, மேன்மலையில் பூம்பாறைக் குழந்தை வேலப்பராகவும், கொடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவராகவும் எழுந்தருளி அருள் பாலிக்கின்றான். இம்மலையில் நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கின்றது. 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் மலைச்சரிவுகள் நீலம் போர்த்து நின்றன. திருக்கோயிலுக்கும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை குடமுழுக்குச் செய்தல் நம் மரபு. பூத்து மடிந்த செடி, தன் நினைவை விதையில் வைத்து மண்ணுக்குக் கொடுத்துவிட்டுப் போகின்றது. மாந்தர் குலத்துக்கு அத்தகைய விதை யாது? முன்னோர் எழுதி வைத்த ஏடே அவ்விதை. அதனைக் காப்பதும் இறைபணியேயாகும்.

இம்மலைகளில் ஆங்காங்கே கற்பலகைகளை நிறுத்தி, மேலே மூடுகல் இட்ட பழங்கால ஈமச்சின்னங்கள் உள்ளன. செண்பகனூரில் வாழ்ந்த ஆங்கிலேட் பாதிரியார் அவற்றைத் தேடி அளந்து ஆராய்ந்தார். அவரும் நியூட்டன் என்பாரும் எழுதிய நூலை 1928-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. கல்லின் நீளமும் அகலமும் அந்நூலில் உண்டு. அங்கே அடக்கம் பெற்றவர் யார், அவர் மக்கள் யார், அழுதவர் யார் என்பது மட்டும் இல்லை. கல் நிலைத்தது, பெயர் நிலைக்கவில்லை. எழுத்து இல்லாத இடத்தில் இறவாப் புகழும் இறந்துபடும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இனி, எழுத்து நின்ற இடத்தையும் காண்போம். தைப்பூசத்துக்குச் செட்டிநாட்டு நகரத்தார் காவடி சுமந்து பழனிக்கு நடந்து வருவதை அறியாதார் இலர். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது? அரசர் வெட்டிய கல்வெட்டு எதுவும் அதனை விரித்துரைக்கவில்லை. நகரத்தார் அறப்பட்டயங்கள் எனப்படும் ஓலைகளே உரைக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டில் குமரப்பர் என்னும் வணிகர் உப்பு விற்கப் பழனிக்கு வந்ததும், வாணிகத்தில் ஒரு பங்கை முருகனுக்கு மகமையாக வைத்ததும், அவ்வழியே மற்ற வணிகரும் வந்து சேர்ந்து, அறமும் யாத்திரையும் நிலைபெற்றதும் அவற்றால் விளங்குகின்றன. டேவிட் ரட்னர் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1987-ஆம் ஆண்டில் இவ்வோலைகளைக் கொண்டே, அக்காலத் தமிழ்நாட்டில் கோயிற் கொடையும் உள்நாட்டு வாணிகமும் எவ்வாறு பின்னிக் கிடந்தன என்பதை உலகறிய எழுதினார்.

அன்பர்கள் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். குமரப்பர் முடிசூடிய மன்னர் அல்லர்; போரில் வென்றவர் அல்லர்; உப்பு விற்றவர். இத்தனை உப்பு, இத்தனை பணம், இதில் முருகன் பங்கு இவ்வளவு என்னும் கணக்கு வழக்கை ஒரு சமூகத்தார் ஓலையில் எழுதினர்; ஓலையைப் போற்றினர். எத்தனையோ செல்வர் பெயர் மறைந்து போயிருக்க, உப்பு வணிகர் ஒருவரின் பெயர் இன்றும் வழங்குவது அதனாலன்றோ? அச்சமூகத்தார் திருமணத்தில் இசைகுடிமானம் எழுதும் வழக்கமும் இக்கருத்துப்பற்றியதே. முன்பு ஓலையில் எழுதப்பெற்ற அம்மண உடன்படிக்கை, மணமக்கள் இன்னார் என்பதைப் பெயரோடும் கோயிலோடும் நாளோடும் பதிந்து வைப்பது.

தனி ஒருவர் எழுதி வைத்ததும் நாட்டுக்கு வரலாறாகும். புதுச்சேரியில் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்ததும், கவர்னர் சினந்ததும், சரக்கு விலை ஏறியதும், சோதிடர் சொன்னதும் அதில் உண்டு. அவர் மறைந்தபின் எவரும் நாடாது கிடந்த அக்குறிப்புகளை 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். இன்று பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னாட்டு வரலாற்றை எழுதுவோர் எவரும் அதனைத் தொடாமல் எழுத இயலாது.

காத்ததன் பயன் இது. காவாததன் கேடும் சிறிதன்று. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்றபோது, அங்கிருந்த பழஞ்சுவடிகளை ஆகம விதி என்று சொல்லி, நெய்யில் தோய்த்து ஓமத்தீயில் இட்டுவிட்டதாக அறிந்து உள்ளம் நொந்தார். பக்தி இல்லாதவர் செய்த செயலன்று அது. ஏட்டின் அருமை அறியாத பக்தி செய்த செயல். அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ் பதினாறாயிரம் என்பது வழக்கு. கிடைத்திருப்பவை ஏறத்தாழ 1,300 மட்டுமே. அவையும் வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராகச் சுவடி தேடி அலைந்து தொகுத்திராவிடில் நம் கைக்கு வந்திருக்குமோ? யார் வீட்டுப் பரணிலோ கிடந்த ஏடுதான் இன்று சந்நிதியில் பாடலாக ஒலிக்கின்றது.

குடமுழுக்குக் காலம் இத்தகைய இழப்புக்குப் பெரிதும் இடமாகும் காலம். திருப்பணி தொடங்கும், பழைய சுவர் இடிக்கப்பெறும், உபயதாரர் பெயர் பொறித்த கல் பெயர்க்கப்பெறும், மடைப்பள்ளிக் கணக்கும் உற்சவப் பத்திரிகையும் குப்பையோடு குப்பையாகும். வீட்டிலும் அவ்வாறே. பிள்ளைகள் கல்விக்கும் வேலைக்கும் மலையிறங்கி மதுரைக்கும் கோவைக்கும் சென்னைக்கும் போகின்றனர். பழைய வீடு கைமாறுகின்றது. டிரங்குப் பெட்டி பழைய இரும்புக் கடைக்கும், அதிலிருந்த காகிதம் அடுப்புக்கும் போகின்றன.

அப்பெட்டியில் என்னதான் இருக்கும்? பட்டா, கிரயப் பத்திரம், வரி கட்டிய இரசீது, மொய் எழுதிய நோட்டு, வாழைத்தார் விற்ற கணக்கு, தாத்தாவுக்கு வந்த தபால் அட்டை, திருமண அழைப்பிதழ், மங்கிய நிழற்படம். அற்பம் என்று தோன்றும் இவற்றிலேதான் மலையின் வரலாறு இருக்கின்றது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் சேரும் விருப்பாச்சி மலைவாழையை யார் பயிரிட்டார், எந்தத் தடத்தில் குதிரைமேல் ஏற்றி இறக்கினார், நோய் வந்த ஆண்டில் என்ன பட்டார் என்பதை, அவர் வீட்டு நோட்டைத் தவிர வேறு யார் சொல்ல வல்லார்?

குலமுறைப் பட்டியலில் ஆண்மக்கள் பெயரே நிரம்பியிருக்கும். பிறந்த பெண்ணும் புகுந்த பெண்ணும் பெயரின்றி மறைவர். மொய் நோட்டையும் சீர்வரிசைப் பட்டியலையும் பார்த்தால் அப்பெண்களின் பெயர் உயிர்த்தெழும். மலைமேல் வாழும் பளியர் முதலிய பழங்குடியினர்க்கோ ஏடே இல்லை. மூத்தோரின் நாவே ஏடு. பிறர் வந்து அவர்களைப் பற்றி எழுதியது உண்டு. அவர்கள் சொல்லை அவர்கள் சொன்னவாறே எழுதியது குறைவு. மூத்தோர் ஒருவர் மறையும்போது ஒரு சுவடிச்சாலை மூடப்படுகின்றது. ஆதலின் அவர்கள் குரலை, அவர்கள் இசைவோடு, இன்றே பதிவு செய்தல் வேண்டும்.

குடும்பக் காகிதங்களில் பெருமை மட்டும் இராது. கடன் பத்திரம் இருக்கும். பங்காளி வழக்கு இருக்கும். வெளியே சொல்ல நாணும் செய்தியும் இருக்கும். அவற்றைக் கிழித்தெறிய மனம் துடிக்கும். உரியோர் மனம் புண்படாதவாறு சிலகாலம் மூடிவைத்தல் தகும், அழித்தல் தகாது. தாழ்வை மறைத்த வரலாற்றில் உயர்வையும் எவரும் நம்பார்.

காக்கும் முறை அரிதன்று. ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் பூசி, தூய பருத்தித் துணியில் பொதிந்து, வசம்பு இட்டு வைத்தல் நம் முன்னோர் கண்ட வழி. காகிதத்துக்கு இம்மலையின் பனியும் ஈரமுமே பெரும்பகை. சுவரோடு சாய்க்காமல், தரையில் வைக்காமல், காற்றோட்டமான உயர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும். கிழிந்த தாளில் ஒட்டு நாடா ஒட்டுதலும், பிளாஸ்டிக் உறையில் சூடுவைத்து மூடுதலும் நன்மைபோல் வந்து தீமையாய் முடியும். நிழற்படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் பெயரும் ஊரும் ஆண்டும் எழுதுக. பெயர் எழுதாத படம் இரண்டு தலைமுறையில் அநாதையாகிவிடும். கைப்பேசியில் படம்பிடித்து மூன்று உறவினர் வீடுகளில் படிகளை வைத்தால், ஒன்று அழியினும் இரண்டு நிற்கும். முன்னோர் பழைய ஓலையை ஆடிப்பெருக்கில் விட்டனர். படியெடுத்த பின்னரே விட்டனர். படியெடுத்தலை மறந்து விடுதலை மட்டும் கைக்கொண்டபோதே நூல்கள் அழிந்தன.

பிறரிடம் கொடுத்தால் பொருள் போய்விடுமே என்னும் அச்சம் வேண்டா. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், லண்டன் பிரித்தானிய நூலகத்தின் திட்ட உதவியோடு, தமிழகத்து வீடுகளில் இருந்த ஊர்வழக்கு ஆவணங்களையும் ஸ்டூடியோப் படங்களையும் படியெடுத்துள்ளனர். மூலம் நாட்டைவிட்டு நீங்கலாகாது என்பது அத்திட்டத்தின் விதி. கோட்டையூர் ரோஜா முத்தையா, பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக வாழ்ந்து, நூலும் நோட்டீசும் அழைப்பிதழுமாக ஏறத்தாழ ஒரு லட்சம் பொருள்களைச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்த பின்னர், 1994-இல் அத்தொகுப்பு சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது.

இம்மலையின்மேலேயே மற்றொரு பாடம் இருக்கின்றது. கொடைக்கானல் வானாய்வகம் 1899-இல் தோன்றியது. அங்கே 1904 முதல் கதிரவனை நாள்தோறும் படம்பிடித்து அடுக்கி வைத்தனர். ஒருநாட் படம் ஒருநாட் படமே; நூறாண்டுப் படங்கள் ஒருங்கு சேர்ந்தபோது கதிரவனின் வரலாறே ஆயின. விண்ணிலுள்ள ஞாயிற்றுக்கு நாட்குறிப்பு வைத்த மலையில், வீட்டு விளக்காக நின்ற பாட்டிக்கு ஒரு குறிப்பு இல்லையென்றால் அது முறையாகுமோ?

பண்டைத் திருக்கோயில்களில் சரசுவதி பண்டாரம் என்னும் ஏட்டுச்சாலை இருந்தது. சிதம்பரத்துக் கல்வெட்டு அதற்குச் சான்று. அம்மரபு திருக்கோயில்தோறும் மீள வேண்டும். பெரிய கட்டடம் வேண்டா. உறுதியான பெட்டி ஒன்று போதும். திருப்பணிக் கணக்கு, யாகசாலைப் பத்திரிகை, இவ்விழா மலர், கல்தச்சர் முதல் நீர் சுமந்தார் வரை உழைத்தோர் பெயர், வீடுகளிலிருந்து வந்த படிகள் ஆகியவற்றை அதில் வைத்து, அடுத்த குடமுழுக்கில் திறந்து, புதியன சேர்த்து மீண்டும் மூடுதல் வேண்டும். பன்னிரண்டு ஆண்டுகளில் மருந்து தேய்ந்த பீடத்துக்கு அட்டபந்தனம் சாத்துகின்றோம். தலைமுறைக்கும் தலைமுறைக்கும் இடையே தேயும் பிணைப்புக்கு ஏடே அட்டபந்தனம்.

அடுத்த குறிஞ்சி 2030-இல் பூக்கும் என்பர். அதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பெட்டி திறக்கப்பெறுவதாக. ஒவ்வொரு படத்தின் பின்னும் ஒரு பெயர் எழுதப்பெறுவதாக. குறிஞ்சிக் குமரன் திருவருள் முன்னிற்க.

வாழ்க அடியார்! வளர்க திருப்பணி!