உப்பும் இளநீரும்

(தேங்காய்த்திட்டில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்வூர்ப் பெயரில் தேங்காய் இருக்கின்றது. இவ்வூர்த் துறைமுகப் படகுகள் செல்லும் கடலில் உப்பு இருக்கின்றது. நம் உடல்நலமும் இவ்விரண்டையும் ஒட்டியே நிற்கின்றது. எப்படி என்று கேட்பீர்கள்.

உப்பில் உள்ள கனிமம் சோடியம். இளநீரில் மிகுந்துள்ள கனிமம் பொட்டாசியம். நம் உயிரணுக்களின் உள்ளே பொட்டாசியமும் வெளியே சோடியமும் மிகுந்திருத்தல் வேண்டும். அதற்கென அணுவின் தோலில் ஓர் இறைப்பி இயங்குகின்றது. ஒவ்வொரு முறையும் அது மூன்று சோடியத் துகள்களை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத் துகள்களை உள்ளே சேர்க்கின்றது. டென்மார்க்கு அறிஞர் இசுகோவு 1957இல் இதனை வெளிப்படுத்தினார். அதற்காக 1997இல் நோபல் பரிசு பெற்றார். நரம்பு ஏவுவதும், தசை சுருங்குவதும், நெஞ்சாங்குலை துடிப்பதும் இந்த ஏற்றத்தாழ்வினால்தான்.

இந்த நிகர்நிலை கெடுவதெப்படி? உப்பு மிகுந்தால் குருதியில் நீர் தேங்கும். குருதி அழுத்தம் ஏறும். நாள்பட நாள்பட மூளையும் சிறுநீரகமும் பழுதுறும். வலியின்றி வரும் கேடு இது. ஆதலின் பலர் வாதம் வந்து வீழ்ந்த பின்னரே அறிகின்றனர். ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பே போதும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். அஃது ஒரு சிறு கரண்டி அளவுதான்! குழம்பில் இடுவது மட்டுமா உப்பு? கருவாடு, ஊறுகாய், அப்பளம், பொட்டலத் தின்பண்டம் அனைத்தும் அக்கணக்கில் சேரும்.

பொட்டாசியமோ கீரையிலும், வாழைப்பழத்திலும், பருப்பிலும், இளநீரிலும் கிடைக்கின்றது. இளநீரில் சோடியத்தைப் போல் இருமடங்குக்கும் மேலாக அஃது உள்ளது. காய் வேகவைத்த நீரைக் கொட்டிவிடும் வீடுகளில், நீரோடு கனிமமும் வெளியேறுகின்றது. அந்நீரைக் குழம்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். சிறுநீரகம் நலிந்தோர்க்குப் பொட்டாசியம் தேங்கி, நெஞ்சாங்குலையின் துடிப்பையே குலைத்துவிடும். அவர்கள் மருத்துவரைக் கேளாமல் இளநீர் பருகலாகாது. வெயிலில் வலையிழுத்து வியர்ப்போர்க்கும், வயிற்றுப்போக்கால் வாடுவோர்க்கும் உப்பும் வேண்டும், நீரும் வேண்டும். ஆளுக்கும் உழைப்புக்கும் ஏற்ப அளவு மாறும்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய மருந்து வலியுறுத்துவதும் அளவறிந்து உண்பதையே. இன்றிரவு உணவுக்கு அமரும்போது, ஊறுகாய்ச் சாடியைச் சற்றுத் தள்ளி வையுங்கள். கீரைக் கிண்ணத்தை அருகே இழுத்துக்கொள்ளுங்கள். நாற்பது அகவை கடந்தோர் நாளையே குருதி அழுத்தத்தை அளந்து பாருங்கள். இவ்வளவு செய்தாலே நான் வந்து பேசியதற்குப் பயன் விளைந்ததாகும்.