சக்கையையும் எண்ணெயாகவே கருதுவோம்

 

செக்கில் ஆட்டிய எள்ளின் பிண்ணாக்கு காய்ந்தது. எடுத்து வைத்தால் இருக்கும். ஆலிவ் பழத்தின் சக்கை அப்படியல்ல. சதை, தோல், உடைந்த கொட்டை, பழத்தின் நீர் எல்லாம் சேர்ந்த கலவை அது. நாள் தள்ளினால் புளித்து, உள்ளே நிற்கும் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். ஆகவே ஸ்பெயினில் அதை விரைந்து உலர்த்தி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்து எண்ணெயைப் பிரிக்கிறார்கள். ஹெக்சேன் ஏறத்தாழ 69 பாகை செல்சியசில் ஆவியாகிவிடும். மிஞ்சும் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து, நேரடியாகப் பிழிந்த ஆலிவ் எண்ணெய் சிறிது கலந்தால்தான் அது உண்ணத் தகும் சக்கை எண்ணெய்.

இந்தத் தொழில் நமக்குத் தரும் பெரிய பாடம் ஒன்று உண்டு. முன்பு மையவிலக்கு எந்திரங்களில் வெந்நீர் சேர்த்துப் பிரித்தபோது, ஒரு டன் பழத்துக்கு ஏறத்தாழ 1000 லிட்டர் கறுத்த கழிவுநீர் வந்தது. ஆறுகளைக் கெடுத்த அந்த நீரை ஒழிக்க, 1990களின் தொடக்கத்தில் ஸ்பெயின் ஆலைகள் வெந்நீரைப் பெரிதும் சேர்க்காத இருகட்ட முறைக்கு மாறின. நீர் மிச்சமானது, ஆறு பிழைத்தது. ஆனால் அந்த நீர் சக்கைக்குள் புகுந்துகொண்டது. டன்னுக்கு ஏறத்தாழ 800 கிலோ சேறு. அதில் 60 முதல் 70 விழுக்காடு ஈரம். இதைக் காயவைக்கச் சூளையின் வெப்பத்தைக் கூட்டினார்கள். எரிந்த வாயுக்களும் புகையும் சக்கையின் மேலேயே பாய்ந்தன. 2001 ஜூலையில் சக்கை எண்ணெயில் பென்சோபைரீன் என்ற புற்றுநோய்ப் பொருள் கண்டறியப்பட்டது. ஸ்பெயின் அரசு விற்பனையை நிறுத்திவைத்தது. பிறகு கிலோவுக்கு 2 மைக்ரோகிராம் என்ற வரம்பு வந்தது. ஆலைகள் கிளர்வூட்டிய கரியால் எண்ணெயைத் தூய்மை செய்யத் தொடங்கின.

இதில் யாரையும் குறை சொல்ல நான் வரவில்லை. ஆற்றைக் காக்க நினைத்தவர்கள் நல்லதையே நினைத்தார்கள். ஆனால் பிழியும் ஆலையும் சக்கை ஆலையும் வேறுவேறு கைகளில் இருந்தன. முன்னதன் கணக்கில் தீர்ந்த பிரச்சினை, பின்னதன் சூளையில் முளைத்தது. எனவே சக்கையைக் கழிவு என்று தள்ளாமல், எண்ணெய்த் தயாரிப்பின் அடுத்த படியாகவே வடிவமைக்க வேண்டும். இதுவே என் வேண்டுகோள்.

நம் கடைகளிலும் சக்கை எண்ணெய் விற்கிறது. சக்கை எண்ணெயை வெறும் 'ஆலிவ் எண்ணெய்' என்ற பெயரில் விற்கலாகாது என்பது சர்வதேச ஆலிவ் கழகத்தின் தரவிதி. சக்கை எண்ணெயில் எரித்ரோடையால், யுவாவோல் ஆகிய சேர்மங்கள் கூடுதலாக இருப்பதைக் கொண்டு ஆய்வாளர்கள் அதை இனங்காண்கிறார்கள். சமையலுக்கு அது நல்ல எண்ணெய்தான். அதன் பெயரைச் சொல்லியே விற்பதில் எந்தத் தாழ்வும் இல்லை.

சக்கையின் மதிப்பு எண்ணெயோடு முடிவதில்லை. பழத்தின் பாலிபீனால்கள் என்ற பயனுள்ள சேர்மங்களில் பெரும்பங்கு எண்ணெயோடு போகாமல் சக்கையிலேயே தங்குகிறது. இந்தக் கருத்தரங்கில் எண்ணெயின் அளவைப் பேசும் கட்டுரையாளர்கள், உலர்த்தும் வெப்பத்தையும் எஞ்சும் பொருளின் முடிவையும் சேர்த்தே பேசுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கணக்கு முழுமையாகட்டும். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.