மூன்று என்றால் எத்தனை?



திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருப் பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. அங்கன்வாடிக்குப் போனால் மலையாளம் கேட்கிறது. பிள்ளை குழம்பிப் போகுமோ என்று தாய்க்குப் பயம்.

பயம் வேண்டாம். மீன், பூ, ஆடு, மரம் எல்லாம் இரண்டு மொழியிலும் ஒன்றுதான். பூனைதான் அங்கே 'பூச்ச' ஆகிவிடுகிறது. பூனைப் படத்தைக் காட்டி இரண்டு பேரையும் சொன்னால் போதும். பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

அங்கன்வாடித் திட்டம் 1975 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கியது. கேரளத்தில் முதலில் மலப்புறம் மாவட்டம் வேங்கரையில் வந்தது. 3 முதல் 6 வயது வரை உள்ள பிள்ளைகள் அங்கே விளையாடிக்கொண்டே படிக்கிறார்கள். 2020-இல் கொரோனா வந்து அங்கன்வாடிகள் மூடிக் கிடந்தன. அப்போது 'கிளிக்கொஞ்சல்' என்ற நிகழ்ச்சி விக்டர்ஸ் டி.வி.யில் வந்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டி.வி.யில் வரும் மாம்பழத்தைக் கையில் எடுக்க முடியாதே!

கையில் எடுத்துப் பார்ப்பது ஏன் முக்கியம்? பிள்ளை ஒன்று முதல் பத்து வரை கடகடவென்று சொல்லும். பாட்டிக்கு ஒரே பெருமை. "மூணு புளியங்கொட்டை எடு, கண்ணு" என்று கேட்டால் கை நிறைய அள்ளித் தரும். வாய்க்குப் பாட்டுத்தான் தெரியும். மூன்று என்றால் எத்தனை என்று இன்னும் தெரியாது.

இதற்குக் காசு செலவில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டி அட்டைகள் செய்யலாம். ஓர் அட்டையில் மூன்று மீன் வரையுங்கள். இன்னொன்றில் 3. மற்றொன்றில் 'மூன்று' என்ற சொல். எழுத்துக் கோணலாக இருந்தால் என்ன? அம்மா எழுதியது என்று பிள்ளை மகிழும்.

முதலில் ஒவ்வொரு மீன் மேலும் ஒரு புளியங்கொட்டை வைக்கச் சொல்லுங்கள். பிறகு 3 எழுதிய அட்டையைப் பக்கத்தில் வைக்கட்டும். சொல் அட்டை கடைசியில்தான். தவழும் குழந்தை வீட்டில் இருந்தால் கொட்டை வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும். கரண்டி, கிண்ணம் வைத்து எண்ணலாம்.

கொட்டைகளைத் தள்ளித் தள்ளி வைத்தால், "இப்போ நிறைய இருக்கு" என்று பிள்ளை சொல்லக்கூடும். அந்த வயதில் அது இயல்பு. திட்டாதீர்கள். திரும்ப ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள்.

ஒரு நாளைக்கு மூன்று படம் போதும். பிள்ளை எழுந்து ஓடினால் அட்டைகளை எடுத்து வைத்துவிடுங்கள். மறுநாள் பழைய மூன்றோடு பூனையையும் சேர்க்கலாம்.