மேகக் கணக்கும் நமது தொழிலும்

(ஏழாயிரம்பண்ணையில் நடந்த பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கிளவுட் என்று சொல்லப்படுகிற மேகக் கணினி முறையை நமது தொழிலில் கைக்கொள்வது பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருக்கிறீர்கள். சாமி இல்லை, சாதி இல்லை என்று ஊர் ஊராகச் சொல்லி வருகிறவனுக்கு இதில் என்ன வேலை என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். வேலை இருக்கிறது. நம் நாட்டில் எந்தப் புதுக்கருவி வந்தாலும் அது என்ன, எப்படி வேலை செய்கிறது, அதனால் யாருக்கு லாபம் என்று நாம் கேட்பதில்லை. முதலில் பயந்து ஒதுக்குகிறோம். ஒதுக்க முடியாமல் போனால் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிடுகிறோம். ஆயுத பூஜையன்று நம் பக்கத்து ஆபீஸ்களில் எத்தனை கம்ப்யூட்டருக்குப் பொட்டு வைத்துப் பொரிகடலை படைக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். மேகக் கணினியில் அந்தக் கூட்டத்திற்கு ஒரு கஷ்டம் உண்டு. பொட்டு வைக்கப் பெட்டி இங்கே இராது!

பெயரைக் கேட்டு யாரும் மயங்க வேண்டியதில்லை. இன்ஜினீயர்கள் படம் போடும்போது, தூரத்திலுள்ள கம்பி வலையை விவரமாய் வரையாமல் ஒரு மேகத்தைக் கிறுக்கி வைப்பது வழக்கம். அந்தக் கிறுக்கலே பெயராகிவிட்டது. நமது மத்திய சர்க்கார் 2014இல் தன் இலாகாக்களுக்கு இம்முறையை ஏற்படுத்தியபோது அதற்கு "மேகராஜ்" என்றே பெயர் வைத்தார்கள். இந்த நாட்டில் கம்ப்யூட்டருக்குக்கூட இந்திரன் ஜாடையில்தான் பெயர் வைக்கத் தோன்றுகிறது. 2019இல் மழை வேண்டி யாகம் நடத்தும்படி நம் அறநிலையத்துறை கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியதே, அந்த மேகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது யாகத்துக்கு இறங்காது. மாத வாடகைக்குத்தான் இறங்கும்.

ஆகாயத்தில் ஒன்றுமே கிடையாது. பெரிய கட்டடம், அதில் ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள், அவை சூடேறாமலிருக்கக் குளிர்ச்சி, ஓயாத மின்சாரம், காவல் – இவ்வளவுதான். புத்தகம் விற்க ஆரம்பித்த அமேசான் கம்பெனி 2006இல் கம்ப்யூட்டரையும் மணிக்கணக்கில் வாடகைக்கு விடத் தொடங்கியது. 2015இல் மைக்ரோசாப்ட் சென்னையிலேயே இந்த ஏற்பாட்டைச் செய்தது. 2016இல் அமேசான் மும்பைக்கு வந்தது. உங்கள் கணக்கு உங்கள் மேஜைக்கடியிலுள்ள பெட்டியில் இல்லாமல் அங்கே இருக்கும். நீங்கள் எங்கிருந்தாலும் கையிலுள்ள செல்போனில் அதைப் பார்க்கலாம், எழுதலாம்.

இது எதைப் போன்றதென்றால், 1944இல் பாபநாசத்திலிருந்து மின்சாரம் வந்ததே, அதைப் போன்றது. அதற்கு முன் மில் வைக்கிறவன் சொந்தத்தில் எஞ்சினும் வாங்க வேண்டும், எண்ணெயும் வாங்க வேண்டும், அதை ஓட்டுகிறவனுக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். கரண்டு வந்த பிறகு உபயோகித்த அளவுக்குப் பணம் கட்டினால் போதும் என்றாயிற்று.

இந்த உதாரணத்தில் இன்னொரு சங்கதி அடங்கியிருக்கிறது. நான் முக்கியமாய்ச் சொல்ல வந்தது அதுதான். அமெரிக்காவில் எடிசன் 1882இல் நியூயார்க் நகரில் மின்சார நிலையம் வைத்தார். ஆலை முதலாளிகள் சிறிது சிறிதாக நீராவி எஞ்சினைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மின்சார மோட்டாரை வைத்தார்கள். ஆனால் கூரையடியில் ஓடிய நீளமான இரும்புத் தண்டையும், அதிலிருந்து ஒவ்வொரு மிஷினுக்கும் தொங்கிய தோல்பட்டைகளையும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒரு மிஷின் ஓட வேண்டுமானாலும் தண்டு முழுவதும் சுற்ற வேண்டும். தண்டு எங்கே போகிறதோ அங்கேதான் மிஷினும் நிற்க வேண்டும். பலன் என்ன? ஏறக்குறைய 40 வருஷ காலம், செலவழித்த பணத்துக்குத் தகுந்த லாபம் தென்படவில்லை. பிறகு மிஷினுக்கு ஒரு சிறு மோட்டார் வைத்து, தண்டையும் பட்டையையும் கழற்றி எறிந்து, வேலை நடக்கிற வரிசைப்படி மிஷின்களை மாற்றி அடுக்கினார்கள். 1920களில்தான் உற்பத்தி கண்கூடாய் உயர்ந்தது. கரண்டு வந்ததனால் மட்டும் ஆலை மாறவில்லை. வேலைமுறையை மாற்றிய பிறகே மாறிற்று.

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் முதலாளிமார் தாமாக விரும்பி மேகத்துக்குப் போனவர்களல்ல. வரி அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. 2017 ஜூலை முதல் தேதி ஜி.எஸ்.டி. வந்தது. 2018 ஏப்ரல் முதல், வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு போக வேண்டுமானால் ஈ-வே பில் இல்லாமல் லாரி நகரக் கூடாதென்றார்கள். ஈ-இன்வாய்ஸ் என்பது 2020இல் வருஷத்துக்கு 500 கோடிக்கு மேல் வியாபாரம் செய்கிறவர்களுக்கு மாத்திரம் என்று தொடங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடி வரை இறங்கி வந்துவிட்டது. ஆகவே பீஹாருக்கும் டில்லிக்கும் போகிற ஒவ்வொரு பெட்டியும் எங்கே போகிறது, என்ன விலை, எந்த லாரி என்பதெல்லாம் நொடியில் பதிவாகிறது. "எங்கள் தொழிலுக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று சொன்னவர்களே வரிக்காக ஒத்துவர வைத்துவிட்டார்கள். 1922இல் சிவகாசியிலிருந்து இருவர் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்ததனால்தானே இந்த வட்டாரத்துக்கு இந்தத் தொழிலே வந்தது? பாட்டன் காலத்துத் தொழில் என்று மார்தட்டுகிறோமே, அந்தப் பாட்டன் அன்றைக்குப் புதுமையைத் தேடி ரயிலேறிப் போனவன்.

சரி, விற்பனைக் கணக்கு மேகத்துக்குப் போய்விட்டது. மற்றக் கணக்குகள் எங்கே இருக்கின்றன? இன்று காலை எத்தனை பேர் கேட்டுக்குள் போனார்கள்? எந்த அறையில் எத்தனை பேர்? குடோனிலிருந்து எவ்வளவு மருந்து எடுக்கப்பட்டது, எவ்வளவு திரும்பி வந்தது? யார் எத்தனை குரோஸ் முடித்தார்கள், என்ன கூலி? இவையெல்லாம் போர்மேன் சட்டைப்பையிலுள்ள சிறு நோட்டில் இருக்கின்றன. சில இடங்களில் அதுவும் இல்லை. டில்லியில் இறங்குகிற பெட்டியின் சங்கதி கம்ப்யூட்டருக்குத் தெரியும். அந்தப் பெட்டியைச் செய்த பெண் இப்போது எந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாள் என்பது யாருக்கும் நிச்சயமாய்த் தெரியாது.

2021 பிப்ரவரி 12ஆம் தேதி, இங்கே கூப்பிடு தூரத்திலுள்ள அச்சங்குளத்தில் என்ன நடந்ததென்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 20 பேருக்கு மேல் மாண்டார்கள். ஒருவர் பெயரில் லைசென்ஸ். உள்ளே பலருக்கு உள்குத்தகை என்பது பிறகு வெளிப்பட்டது. 2012இல் முதலிப்பட்டியில் 38 பேர் மாண்டபோதும் இதே பேச்சுத்தான் அடிபட்டது. உடனே நம் ஜனங்கள் என்ன சொன்னார்கள்? "விதி" என்றார்கள். அறைக்கு இத்தனை பேர்தான், இவ்வளவு மருந்துதான் என்று சட்டம் எழுதி வைத்திருக்கிறது. நாக்பூர் லைசென்ஸானாலும் டி.ஆர்.ஓ. லைசென்ஸானாலும் அளவு உண்டு. அளவை மீறினவன் மனிதன். மீறினது தெரியாமல் மறைத்தது நோட்டு. இதில் தலையெழுத்துக்கு என்ன வேலை? நெற்றியிலுள்ள எழுத்தைத் தேடுகிறவர்கள் வருகைப் பதிவேட்டிலுள்ள எழுத்தைத் தேடியிருக்க வேண்டாமா?

ஆகவே என் அபிப்பிராயம் இது. விற்பனைக் கணக்கை மட்டும் மேகத்தில் வைத்துக்கொண்டு, ஆலைக்குள் பழைய நோட்டையும் உள்குத்தகையையும் வைத்திருப்பது, அமெரிக்காக்காரன் கரண்டு வாங்கியும் பழைய தண்டைச் சுற்றிய கதைதான். கேட்டில் நுழையும்போதே ஆளுக்கு ஒரு வில்லை. எந்த அறைக்குப் போகிறாரென்று அங்கேயே பதிவு. அளவு நிரம்பிய அறைக்கு ஐந்தாவது வில்லையோ ஆறாவது வில்லையோ கொடுக்க அந்தக் கணக்கு மறுக்க வேண்டும். மருந்து கொடுக்கிற இடத்திலும் அப்படியே. செல்போனை மருந்தறைப் பக்கம் கொண்டுபோகக் கூடாதென்பது நல்ல விதி; அதை மீறவே வேண்டாம். பதிவெல்லாம் கேட்டிலும் ஆபீஸிலும் நடக்கட்டும். மேகக் கணக்கு என்றதும் இண்டர்நெட்டில் பட்டாசு விற்கலாமென்று யாரும் புறப்படவும் வேண்டாம். 2018 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு அதற்குத் தடை போட்டிருக்கிறது.

இது என்ன பெரிய செலவு என்று பயப்பட வேண்டியதில்லை. சொந்தக் கம்ப்யூட்டர் அறை கட்டுவதைவிட வாடகை குறைவு. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறை என்னும் கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு ஸோஹோ கம்பெனியில் நம் பிள்ளைகள் உலகத்துக்கெல்லாம் இந்த வேலையைச் செய்கிறார்கள். பக்கத்து ஜில்லாக்காரன் செய்கிறதை நாம் வாங்கவாவது யோசிக்கக்கூடாதா?

ஆனால் இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிடாதீர்கள். சாமியை விட்டவன் கம்பெனியைச் சாமியாக்கக் கூடாது. 2024 மே மாதத்தில், ஆஸ்திரேலியாவில் 6 லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் ஓய்வூதியப் பணத்தை நிர்வகிக்கும் யூனிசூப்பர் நிறுவனத்தின் மேகக் கணக்கு, கூகுள் கம்பெனியின் தவறினால் அடியோடு அழிந்தது. வேறொரு கம்பெனியிடம் நகல் வைத்திருந்ததனால் மீட்டார்கள். 2025 ஜூலையில், ஐரோப்பிய நாடுகள் தடை போட்டனவென்று மைக்ரோசாப்ட் கம்பெனி நம் நாட்டு நயாரா எண்ணெய்க் கம்பெனியின் சேவையை நிறுத்திவிட்டது. டில்லி ஐகோர்ட்டுக்குப் போன பிறகுதான் திரும்பக் கிடைத்தது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்தக் கதியென்றால் சாத்தூர்க்காரன் எந்தக் கோர்ட்டுக்குப் போவான்? 2025 அக்டோபர் 20ஆம் தேதி, சரியாகத் தீபாவளியன்று, அமேசானின் வர்ஜீனியா நிலையம் மணிக்கணக்கில் முடங்கி உலகமெங்கும் பல காரியங்கள் நின்றன. பஞ்சாங்கக்காரனைக் கேட்டால் அமாவாசை என்பான். முகவரி தேடும் ஏட்டில் ஏற்பட்ட பிழை என்று கண்டுபிடித்து மனிதர்களே சரிசெய்தார்கள். ஆகவே வாரம் ஒரு முறை உங்கள் கணக்கின் நகல் உங்கள் கையிலேயே இருக்கட்டும். கம்பெனியை விட்டு விலகினால் கணக்கை எந்த ரூபத்தில் திருப்பித் தருவான் என்பதை ஒப்பந்தத்தில் முதலில் படியுங்கள். விலையைப் பிறகு படிக்கலாம்.

மேஜைமேல் மூன்று துண்டுச் சீட்டுகள் இருக்கின்றன. பதில் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன்.

"கணக்குப்பிள்ளையின் வேலை போய்விடாதா?" என்று ஒருவர் கேட்கிறார். நோட்டுப் பார்த்துக் கூட்டிக் கழிக்கிற வேலை போகத்தான் போகும். மறைத்துப் பேச எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் கேட்டில் பதிகிறதற்கும், மருந்துக் கணக்கைச் சரிபார்க்கிறதற்கும் ஆள் வேண்டும். புதிதாய் வெளியூர்ப் பையனைக் கொண்டுவராமல், இருக்கிற கணக்குப்பிள்ளைக்கே சம்பளத்தோடு மூன்று மாதம் கற்றுக்கொடுப்பது முதலாளியின் கடமை. டாலி தெரிந்தவருக்கு இது ஒரு வித்தையல்ல.

"எல்லாவற்றையும் பதிந்தால் அதிகாரிகள் பார்த்துவிட மாட்டார்களா?" என்று இன்னொருவர் கேட்கிறார். பெயர் போடவில்லை, போட வேண்டாம். பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். அதற்குப் பயப்படுகிறவர் எந்த அறையை நினைத்துப் பயப்படுகிறாரோ, அந்த அறையில் நாளைக்கு அவர் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

மூன்றாவது சீட்டு ஒரு தாயார் எழுதியது. "எங்கள் கூலிக் கணக்கை நாங்கள் பார்க்க முடியுமா?" முடியும் அம்மா. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் பி.எஃப். உண்டு. 2014 முதல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் 12 இலக்கமுள்ள யு.ஏ.என். நம்பர் உண்டு. பிடித்த பணம் கட்டப்பட்டதா என்பதை உங்கள் பிள்ளையின் செல்போனிலேயே பார்க்கலாம். அதைப் போலவே அன்றாடப் பீஸ் கணக்கும், எந்த அறையில் வேலை செய்தீர்கள் என்பதும் தமிழில், உங்கள் போனுக்கே வந்து சேரும்படி செய்ய முடியும், செலவு அற்பம். வருகிற சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது உங்கள் யு.ஏ.என். நம்பர் என்னவென்று பத்துப் பேராய்ச் சேர்ந்து கேளுங்கள். இல்லையென்றால் ஏன் இல்லையென்று எழுதி வாங்கி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் அதை இதே மேடையில் வாசிப்போம்.