சுடுமல்லி: சோளத்தின் வேரில் குடிபுகும் பூண்டு

(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய சொற்பொழிவு)



பருவத்தில் மழை பெய்திருந்தும் புன்செய்க் காடுகளில் சோளம் திட்டுத் திட்டாக வாடி நிற்பதுண்டு. நிலத்தில் ஈரம் இருக்கும், பயிரோ தலைநிமிராது. இலை சுருண்டு, தட்டை குட்டையாகி, கதிர் சிறுத்துவிடும். சில பயிர்களில் கதிரே வெளிவராது. இதை மண்ணின் குற்றமென்பார் சிலர். விதையின் குற்றமென்பார் சிலர். கண்ணேறு என்பாரும் உண்டு. சில நாள் சென்றபின் அப்பயிரின் அடியில், ஒரு சாண் உயரத்தில், பச்சை இலையும் சிறு வெண்பூவும் உடைய பூண்டொன்று தலைகாட்டும். பார்வைக்குச் சாதுவான இப்பூண்டே நஷ்டத்திற்குக் காரணம். இதன் பெயர் சுடுமல்லி.

மற்றக் களைகள் மண்ணிலுள்ள சத்தையும் நீரையும் பயிரோடு பங்கிட்டுக்கொள்ளும். சுடுமல்லியோ பயிரின் வேரிலேயே வாய்வைத்து உறிஞ்சுவது. மரக்கிளையில் வளரும் புல்லுருவியைக் கிராமத்தில் அறியாதவர் இல்லை. அதைப் போலவே மண்ணுக்குள் பிற செடிகளின் வேரைப் பற்றி வாழும் பூச்செடிகளும் உண்டு. புகையிலைத் தோட்டத்தில் முளைப்பதும், காளான் என்று பெயர் பெற்றதுமான பூண்டு உண்மையில் காளான் அன்று. பச்சையம் சிறிதும் இல்லாமல் உணவு முழுவதையும் அயல் வேரிலிருந்து கவரும் பூச்செடியேயாகும். விலையுயர்ந்த சந்தன மரமும் அயல் மரங்களின் வேரைப் பற்றியே செழிக்கிறது. இதனை 1871-ல் ஜான் ஸ்காட் என்பவர் எடுத்துக்காட்டினார். சந்தனக் கன்றோடு துவரை முதலிய துணைச் செடிகளை நடுவது இதனாலேயாம். சந்தனத்தால் வரும்படி உண்டு. சுடுமல்லியால் கேடு தவிர வேறில்லை.

சுடுமல்லியின் விதை மூக்குப்பொடித் தூளைப் போன்றது. ஒரு செடியிலிருந்து பல்லாயிரம் விதைகள் உதிரும். அவை மண்ணில் 10 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு உறங்கிக் கிடக்கக்கூடும். வெறும் மழை ஈரத்தால் மட்டும் இவ்விதை முளைப்பதில்லை. சில நாள் ஈரத்தில் ஊறியபின், தக்கதொரு வேர் அருகே வந்து, அதிலிருந்து கசியும் ஒரு பொருள் தன்மேல் பட்டால்தான் முளைக்கும். முளை சில நாட்களுக்குள் வேரைத் தொடவேண்டும், தொடாவிடில் மடிந்துபோம். தொட்டுவிட்டாலோ, முனையில் ஒரு குமிழை உண்டாக்கி வேரைத் துளைத்து உட்புகுந்துவிடும்.

இந்த வேர்க்கசிவுப் பொருள் 1966-ல் பருத்தி வேரிலிருந்து முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்டது. தனக்குக் கேடு செய்யும் பூண்டைப் பயிர் ஏன் எழுப்புகிறது என்ற கேள்விக்கு 2005-ல் ஜப்பானிய விஞ்ஞானிகள் விடை கண்டனர். வேரோடு கூடி வாழ்ந்து பயிருக்கு மணிச்சத்துத் தேடித் தரும் பூஞ்சணத்தை அழைப்பதற்காகவே இக்கசிவு உண்டாகிறதாம். உறவினரைக் கூவும் குரல் கேட்டுத் திருடன் வருவது போன்றது இது. மண் மெலிந்திருக்கும்போது கசிவு மிகுதியாகும். ஆகையால், எருவில்லாத காட்டிலும், வருஷந்தோறும் சோளமே விதைக்கும் காட்டிலும் சுடுமல்லி பெருகுவதில் ஆச்சரியமில்லை.

இனிக் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்றுண்டு. இப்பூண்டு மண்ணுக்கு வெளியே வருமுன் பல வாரங்கள் உள்ளேயே வளர்கிறது. பயிருக்கு நேரும் சேதத்தில் பெரும்பகுதி அப்பொழுதே முடிந்துவிடுகிறது. எனவே கண்ணுக்குத் தெரிந்தபின் பிடுங்குவதால் இவ்வருஷத்து விளைச்சல் அதிகம் மீளாது. “பலனில்லாத வேலைக்குக் கூலி எதற்கு?” என்று குடியானவர் வாளாவிருப்பது இதனால்தான். வருஷக் குத்தகைக்கு உழுபவருக்கோ அடுத்த ஆண்டு அந்நிலம் தம்மிடம் இருக்குமென்ற நிச்சயமும் இல்லை. ஆயினும் பூக்குமுன் பிடுங்கிய ஒவ்வொரு செடியும் பல்லாயிரம் விதைகளை நிலத்தில் சேராமல் தடுக்கிறது. பிடுங்காமல் விட்டாலோ, காற்றும், ஓடும் மழைநீரும், ஆடுமாடுகளும், உழுபடைகளில் ஒட்டிய மண்ணும் அவ்விதையை அயலார் காட்டில் சேர்த்துவிடும். ஒருவர் வரப்புக்குள் செய்யும் முயற்சியை அடுத்தவர் அசிரத்தை அழித்துவிடுகிறது.

ஆகவே இது தனி மனிதர் வேலையன்று; சங்கத்தின் வேலை. செய்யத்தக்கவை வருமாறு:

முதலாவது, பூண்டு தலைகாட்டியது முதல் அங்கத்தினர் ஒருவருக்கொருவர் கைமாற்றாக ஆள் உதவி, இரு வாரங்களுக்கு ஒருமுறை எல்லார் காட்டிலும் பூக்குமுன் பிடுங்கவேண்டும். பூத்துக் காய்த்தவற்றை மாட்டுக்குப் போடாமலும் எருக்குழியில் சேர்க்காமலும் எரித்துவிடவேண்டும். அறுவடையானதும் தாளை உழுதுவிடவேண்டும். தாள் உயிரோடிருந்தால் பூண்டும் அதில் பிழைத்துக் காய்க்கும்.

இரண்டாவது, பயிரை மாற்றவேண்டும். பருத்தி, நிலக்கடலை, எள் முதலியவற்றின் வேர்க்கசிவு சுடுமல்லி விதையை முளைக்கச் செய்யும். ஆனால் அவ்வேரில் அது ஒட்டிப் பிழைக்கமாட்டாது. ஏமாந்து முளைத்த விதை அவ்வாறே சாகும். ஓராண்டில் இது தீராது. இரண்டு மூன்று ஆண்டுகளேனும் பொறுமை வேண்டும். சோளத்திற்குப் பதில் கம்போ மக்காச்சோளமோ விதைப்பது மாற்றமாகாது. அவையும் இதற்கு இரையே.

மூன்றாவது, நன்கு மக்கிய தொழு உரத்தைத் தாராளமாக இடவேண்டும். மண் செழித்தால் பூண்டின் வலிமை குறையும்.

நான்காவது, சங்கத்தின் மூலம் வழங்கும் சோள விதை சுடுமல்லியில்லாத காட்டில் விளைந்ததா என்று விசாரித்தே வாங்கவேண்டும்.

கூட்டு முயற்சியின் பலனுக்கு ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் வட கரோலினா, தென் கரோலினா மாகாணங்களின் மக்காச்சோளக் காடுகளில் 1956-ல் சுடுமல்லி கண்டுபிடிக்கப்பட்டது. நாளடைவில் 4 லட்சம் ஏக்கருக்கு மேல் அது பரவியிருக்கக் கண்டனர். 1957 முதல் அவ்விடங்களிலிருந்து விதையும் மண்ணும் இயந்திரங்களும் தடையின்றி வெளியேறாதபடி சட்டம் செய்து, காடுகாடாகச் சோதித்து, பூக்கவிடாமல் அழித்தனர். மண்ணுக்குள் எத்திலீன் என்னும் வாயுவைச் செலுத்தி, பயிரில்லாத வேளையில் விதைகளை முளைக்கச் செய்து சாகவிட்டனர். பல ஆண்டு உழைப்பிற்குப்பின் அப்பரப்பு சில ஆயிரம் ஏக்கராகச் சுருங்கியது.

அத்தகைய வாயுவும் இயந்திரமும் சிறு குடியானவருக்கு எட்டாதவை. ஆனால் பருத்தி வேரும் கடலை வேரும் அதே வேலையைச் செலவின்றிச் செய்கின்றன. மீதி வேலைக்குக் கைகளும் ஒற்றுமையும் போதும். கடனுக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் அங்கத்தினர், களைக்கும் அவ்வாறே பொறுப்பேற்பார்களாயின், பத்தாண்டு உறங்கும் விதையும் ஒருநாள் தீர்ந்தே போகும்.