தோற்கருவியும் திருத்தொண்டும்



சலகண்டேசுவரப் பெருமான் எழுந்தருளியுள்ள இவ்வேலூரில், இசைநூற் சொல் ஒன்றை இன்று சிந்திப்போம். தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நால்வகையாக்கினர் நம் முன்னோர். மத்தளம் தோல், குழல் துளை, யாழ் நரம்பு, கைத்தாளம் கஞ்சம். 1914ஆம் ஆண்டில் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்னும் மேனாட்டறிஞர் இருவர் உலகத்துக் கருவிகளையெல்லாம் வகுத்தபோதும் இந்நால்வகைப் பகுப்பையே கொண்டனர்.

தோற்கருவிக்குத் தோல் தந்த கை யாருடையது? ஆதனூர்த் திருநாளைப்போவார், சிவாலய முரசுகளுக்குப் போர்வைத்தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் அளித்தார் என்கிறது பெரியபுராணம். அவர் தந்த தோல் திருக்கோயிலுள் முழங்கிற்று. அவரோ வாயிலின் புறத்தே நின்றார். திருப்புன்கூரில் நந்தியை விலக்கி இறைவன் அவருக்குக் காட்சி தந்தருளினான்.

இவ்வட்டாரத்தில் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் தோல்தொழிலே பலருக்குச் சோறிடுகின்றது. மத்தளத்திற்குப் பதனிடாத தோல். காலணிக்குப் பதனிட்ட தோல். தொழில் வேறாயினும் உலகம் இரண்டின்மீதும் சாற்றிய இழிவு ஒன்றே. நாமும் இளமையில் தோல்கிடங்கின் வழியே மூக்கைப் பொத்திக்கொண்டு நடந்ததுண்டு. அன்று மாலையே கோயிலில் மத்தள ஒலி கேட்டு மெய்சிலிர்த்து நின்றோம். அது முறையோ?

அன்று நந்தி விலகிற்று. இன்று நம் உள்ளத்துத் திரை விலகுதல் வேண்டும். இவ்விழாவில் முழவொலி கேட்கும்போதெல்லாம் அத்தொழிலாளர் கைகளையும் நினைந்து வணங்குவோமாக.

திருச்சிற்றம்பலம்.